நிலமில்லா நாட்டின் குடிமக்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'குடி' என்பது தமிழில் நெடுந்தொலைவு நடந்து வந்த சொல். திருக்குறளின் 96-ஆம் அதிகாரத்திற்குக் 'குடிமை' என்பது பெயர். அங்கே அச்சொல் நற்குடிப் பிறப்பைச் சுட்டுகிறது. ஒருவர் எவ்வழி வந்தவர், அவ்வழி வந்தமையால் அவரிடம் எதிர்பார்க்கத்தக்க ஒழுகலாறு யாது என்பன அவ்வதிகாரத்தின் பொருள். இன்று அதே சொல் 'உரிமை' என்பதோடு கூடி, அலுவலகப் படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டமாகச் சுருங்கியுள்ளது. 'நாடு' என்னும் சொல்லின் வரலாறோ இதற்கு மறுதலை. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் அடங்கிய சிறு பிரிவு. அதற்கு மேலே வளநாடும் மண்டலமும் இருந்தன. இன்று அச்சொல் கடலும் மலையும் எல்லையாக விரிந்த பெரும்பரப்பைக் குறிக்கிறது.

ஒருவர் ஒரு நாட்டின் குடி என்பதை முடிவு செய்வது யாது? அவருடைய பிறப்பா, வாழ்வா, விருப்பமா? அல்லது பதிவேட்டை வைத்திருக்கும் எழுத்தரின் கையா? இவ்வினாவைப் பெருநாடுகள் சட்டப் புத்தகங்களுக்குள் அடக்கி வைத்துள்ளன. உலகம் நாடென்றே ஒப்பாத சில சின்னஞ்சிறு அமைப்புகள்தாம் அதை வெளியே எடுத்து வைத்திருக்கின்றன. அவற்றை நுண்நாடுகள் எனலாம்.

மொனாக்கோவையோ நவுருவையோ இச்சொல் குறிப்பதில்லை. அவை பரப்பிற் சிறியனவாயினும் ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றவை. தனியொருவரோ சிறு குழுவோ 'இது தனி நாடு' என்று அறிவித்துக் கொடி, முத்திரை, அரசமைப்பு, குடியுரிமை ஆகியவற்றைத் தாமே வகுத்துக்கொண்டு, வேறெந்த அரசும் ஏற்காத நிலையிலும் அவ்வறிவிப்பை விடாமல் நடத்தி வருவதே நுண்நாடு. தோன்றும் காரணங்கள் பலவகை. மேற்கு ஆஸ்திரேலியாவில் உழவர் ஒருவர் கோதுமை ஒதுக்கீடு பற்றிய பிணக்கினால் 1970-இல் தம் பண்ணையையே ஹட் ரிவர் என்னும் தனிநாடாக்கினார். ஐம்பது ஆண்டுகள் நின்று 2020-இல் அது கலைந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 1979-இல் தன் படுக்கையறையைத் தலோசா என்னும் அரசாக அறிவித்தான். அதற்கென ஒரு மொழியையும் படைக்கத் தொடங்கினான். இவற்றை எண்ணிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆயினும் இவற்றின் விதிகளைப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். யார் உறுப்பினராகலாம் என்னும் விதியை வகுப்பதில் இவை காட்டும் அக்கறை மிகப் பெரிது. நிலமின்றியும் இத்தகைய நாடு நடக்கும், ஆளின்றி நடவாது.

நுண்நாட்டுக் குடியுரிமை நீதிமன்றப் படியேறிய ஒரு நிகழ்வை முதலில் நோக்கலாம்.

இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், வடகடலில், இரண்டு பருத்த கான்கிரீட் தூண்களின் மேல் ஒரு தளம் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது காவலரணாக எழுப்பப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது. முன்னாள் படை அதிகாரியும், உரிமமின்றிக் கடலிலிருந்து வானொலி நடத்தியவருமான ராய் பேட்ஸ், 1967 செப்டம்பர் 2-ஆம் நாள் அதனைச் சீலாந்து என்னும் நாடாக அறிவித்தார். அன்று அத்தளம் பிரிட்டனின் மூன்று மைல் கடலெல்லைக்கு வெளியே இருந்தது. 1968-இல் அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு பற்றிய வழக்கு செம்ஸ்ஃபோர்டு நீதிமன்றத்திற்கு வந்தபோது, அவ்விடம் தன் அதிகார வரம்பிற்குட்பட்டதன்று என நீதிமன்றம் கூறிவிட்டது. பேட்ஸ் குடும்பத்தினர் இதனையே தம் நாட்டிற்குக் கிடைத்த ஏற்பாகக் கொண்டாடினர். 1975-இல் அரசமைப்பும் கடவுச்சீட்டும் வந்தன.

சீலாந்துக் குடியுரிமை பெற்ற ஜெர்மானியர் ஒருவர், அதனால் தம் ஜெர்மன் குடியுரிமை நீங்கிவிட்டது என அறிவிக்குமாறு கொலோன் நகர நிர்வாக நீதிமன்றத்தை அணுகினார். 1978 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதுவரை அக்குடியுரிமையைப் பெற்றிருந்தோர் 106 பேர் என்பது வழக்கில் சொல்லப்பட்ட கணக்கு. மனிதர் கட்டிய தளம் நாட்டின் நிலமாகாது என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. அஃது எதிர்பார்க்கக்கூடியதே. மற்றொரு பகுதிதான் நின்று நோக்கத்தக்கது. இந்த 106 பேரும் ஒருவரோடொருவர் வாழ்ந்து, வாழ்வின் எல்லாக் கூறுகளையும் ஒன்றாக எதிர்கொள்ளும் பொருட்டுக் குடியுரிமை பெற்றவர் அல்லர்; தத்தம் ஊர்களிலேயே தத்தம் நலன்களைத் தேடிக்கொண்டிருப்பவர்; அவர்களை இணைப்பது வாழ்வின் ஒரு சிறு பகுதியாகிய வணிகமும் வரியுமே; எனவே அவர்கள் ஒரு நாட்டின் மக்களாகார் என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து.

கவிஞர்களுக்கு இந்த அளவுகோல் சற்றே உறுத்தும். வாழ்வின் ஒரு சிறு பகுதிக்காக மட்டும் கூடுவோர் மக்களாகார் எனின், திங்களுக்கு ஒரு மாலை கூடிக் கவிதை படித்துக் கலைவோர் யார்? பத்தாண்டுகள் கூடிய பின்னரும் அவர்கள் வெறும் பெயர்ப்பட்டியல்தானா? நீதிமன்றத்திற்கு இவ்வினா எழவில்லை, எழ வேண்டியதுமில்லை. வரியிலிருந்து தப்ப விரும்புவோரின் கூட்டத்திற்கும், தாம் எழுதியதைக் கேட்க ஒரு செவியை நாடுவோரின் கூட்டத்திற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே 1978-இன் ஆகஸ்டு மாதம், சீலாந்தில் உயர்பதவிப் பெயர் தாங்கியிருந்த ஜெர்மானிய வணிகர் ஒருவரின் ஏவலால் சிலர் தளத்தைக் கைப்பற்றினர். ராய் பேட்ஸின் மகன் சிறைபிடிக்கப்பட்டார். சில நாள்களில் பேட்ஸ் தளத்தை மீட்டார். பிடிபட்டோருள் பிறர் விடுவிக்கப்பட, ஜெர்மானிய வழக்கறிஞர் ஒருவர் மட்டும் அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டார். காரணம், அவரிடம் சீலாந்துக் கடவுச்சீட்டு இருந்தது. மற்றவர்கள் போர்க்கைதிகள், குடிமகனாகிய அவரோ தேசத்துரோகி! லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் அதிகாரி ஒருவர் கடல் கடந்து வந்து பேசிய பின்னரே அவர் கரையேறினார். மே மாதத்தில் நீதிமன்றம் இல்லையென்று சொன்ன குடியுரிமை ஆகஸ்டில் ஒருவரைச் சிறையில் வைத்தது. சட்டத்திற்கு இல்லாத ஒன்று பூட்டுக்கும் சாவிக்கும் இருந்தது. பின்னாளில் சீலாந்தின் பெயரால் போலிக் கடவுச்சீட்டுகள் உலகெங்கும் விலைபோயின. 1997-இல் தான் வழங்கியவை அனைத்தையும் அந்நாடே செல்லாதனவாக்கியது. இன்று அது பெரும்பாலும் பட்டங்களை விற்று வருகிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வணிகத்தை விட்டுக் கலைக்கு வரலாம்.

தென் சுவீடனில் குல்லாபெர்க் என்னும் இயற்கைக் காப்புப் பகுதியின் கடலோரப் பாறைச் சரிவில், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளை அடித்து இணைத்து, லார்ஸ் வில்க்ஸ் என்னும் கலைஞர் 1980-இல் ஒரு பெருஞ்சிற்பத்தை எழுப்பத் தொடங்கினார். 'நிமிஸ்' என்பது அதன் பெயர். நடந்து சென்றோ கடல்வழியாகவோதான் அவ்விடத்தை அடைய முடியும் என்பதால் இரண்டாண்டுகள் அதிகாரிகள் கண்ணில் அது படவில்லை. கண்டபின் அகற்றுமாறு ஆணையிட்டனர், வழக்கு நீண்டது. சிற்பம் சட்டத்திற்குத் தப்பும் பொருட்டு ஜோசப் பாய்சுக்கும், அவர் மறைந்தபின் கிறிஸ்டோவுக்கும் விற்கப்பட்டது. இறுதியில் 1996-இல், சிற்பம் நின்ற ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தை லடோனியா என்னும் நாடாக வில்க்ஸ் அறிவித்தார். அதன் விதிகளுள் இரண்டு சுவையானவை. வரி உண்டு, ஆனால் பணமாகச் செலுத்தலாகாது. தம் படைப்பாற்றலில் ஒரு பங்கைக் குடிமகன் செலுத்த வேண்டும். குடிமக்கள் யாவரும் நாடோடிகள். நாட்டிற்குள் எவரும் குடியிருப்பதில்லை.

இந்த இரண்டாம் விதி ஐரோப்பிய வாசகர்க்கு ஒரு நல்ல சிலேடை போன்றது. 2002-இல் பாகிஸ்தானிலிருந்து மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் லடோனியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். எப்போது வந்து குடியேறலாம், தூதரகம் எங்குள்ளது என்று வினவினர். அங்கே பாறையும் மரச்சிற்பமும்தான் உள்ளன, வாழ முடியாது என்று வில்க்ஸ் அறிவிக்க வேண்டியதாயிற்று. இச்செய்தி அன்றைய இதழ்களில் வேடிக்கைச் செய்தியாக வெளிவந்தது. மூவாயிரம் பேர் தம் ஊரை விட்டுப் போக எந்தப் பாறைக்கும் அணியமாயிருந்தனர் என்பதில் வேடிக்கை எங்கே உள்ளது என்பது விளங்கவில்லை. வில்க்ஸ் 2021-இல் சாலை விபத்தில் மறைந்தார், லடோனியா தொடர்கிறது.

இனி, இவ்வுரையின் மையத்திற்கு வரலாம். சீலாந்திற்குத் தளம் இருந்தது; லடோனியாவுக்குப் பாறை இருந்தது. ஒரு பிடி மண்ணும் வேண்டாத நாடொன்றும் உண்டு.

ஸ்லோவேனியா யூகோசுலாவியக் கூட்டாட்சியின் ஒரு குடியரசாக இருந்த 1984-ஆம் ஆண்டு, லைபாக் என்னும் இசைக்குழுவும், இர்வின் என்னும் ஓவியர் குழுவும், ஒரு நாடகக் குழுவும் கூடி ஒரு கலை அமைப்பை உருவாக்கின. புதிய ஸ்லோவேனியக் கலை என்பது அதன் பெயர். ஆனால் அப்பெயரை அவர்கள் ஜெர்மன் மொழியில் வைத்தனர். லைபாக் என்பதும் தலைநகர் லியூப்லியானாவின் ஜெர்மன் பெயரே. போர்க்காலப் படையெடுப்பின் நினைவு ஆறாத நிலத்தில் இப்பெயர்கள் காயத்தில் விரல் வைப்பனவாக அமைந்தன. அதிகாரத்தின் உடையையும் குரலையும் எடுத்து, அவ்வதிகாரத்தை விட மிகையாக அணிந்து காட்டுவது இவர்களின் முறை. 1987-இல் யூகோசுலாவிய இளைஞர் நாளுக்கான சுவரொட்டிப் போட்டியில் இவ்வமைப்பின் வரைகலைப் பிரிவு வென்றது. வென்ற படம் நாசிக் காலத்து ஓவியம் ஒன்றின் மறுவடிவம் என்பது பின்னர்த் தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது.

யூகோசுலாவியா சிதறியது. 1991 ஜூன் 25-ஆம் நாள் ஸ்லோவேனியா தனிநாடாயிற்று. எதிர்த்து நின்ற அரசே மறைந்துவிட்டபின் கலைஞர் என்செய்வர்? 1992-இல் இவர்கள் தம் அமைப்பையே ஒரு நாடாக மாற்றினர். காலத்தில் ஒரு நாடு என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். சுற்றிலும் நிலத்திற்காகக் குருதி சிந்திக்கொண்டிருந்த ஆண்டில், தம் நாட்டிற்கு நிலம் இல்லை, அதன் எல்லை அதன் குடிமக்களின் உள்ளமும் உடலும் இயங்கும் இடந்தோறும் நகரும் என்று அறிவித்தனர். அவ்வாண்டே மாஸ்கோவில் ஒரு தனியார் குடியிருப்பில் அதன் முதல் தூதரகம் திறக்கப்பட்டது. 1994-இல் குரோவேஷியாவின் உமாக் நகரில் ஒரு வீட்டுச் சமையலறை துணைத்தூதரகமாயிற்று.

குடியுரிமை விதி மிக எளியது. படிவத்தை நிரப்பி, நிழற்படம் ஒட்டி, கட்டணம் செலுத்தினால் எவரும் குடிமகனாகலாம். இனம், மொழி, சமயம், பால், பிறந்த இடம், வாழும் இடம் எவையும் தடையல்ல. வேறு குடியுரிமை இருப்பினும் குற்றமில்லை. பிறப்பு, மரபு, மணம், நெடுங்கால வாழ்வு என்று அரசுகள் கொள்ளும் வாயில்கள் நான்கும் நீக்கப்பட்டு, விருப்பம் என்னும் ஒரே வாயில் வைக்கப்பட்டது. கைக்குக் கிடைப்பது அட்டையும் முத்திரையும் எண்ணும் உடைய, பிற நாட்டுக் கடவுச்சீட்டைப் போன்றே தோன்றும் ஒரு சுவடி. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர்.

இந்தத் திறந்த வாயிலின் பக்கத்திலேயே, அதே 1992-இல், மற்றொரு வாயில் மூடப்பட்டது. அது மெய்யான அரசின் வாயில்.

ஸ்லோவேனியாவில் நிலையாக வாழ்ந்துவந்த பிற யூகோசுலாவியக் குடியரசினர், புதிய நாட்டின் குடியுரிமைக்கு ஆறு திங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தவணை 1991 டிசம்பர் 25-உடன் முடிந்தது. 1,70,000-க்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றனர். அந்த அளவில் அது பெருந்தன்மையான சட்டந்தான். எஞ்சியோர் சிலர். விண்ணப்பம் மறுக்கப்பட்டோர் இருந்தனர். செய்தி அறியாதோர் இருந்தனர். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தமையால் தாம் விண்ணப்பிக்க வேண்டும் என்றே எண்ணாதோரும் இருந்தனர். 1992 பிப்ரவரி 26-ஆம் நாள் இவர்கள் அனைவரின் பெயரும் நிலைக்குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு இல்லை, ஆணை இல்லை, கடிதமும் இல்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவோ வேறேதும் சான்றுக்காகவோ அலுவலகம் சென்றவர், எழுத்தர் தம் அடையாள அட்டையில் துளையிட்டுத் திருப்பித் தந்தபோது, தாம் இல்லாதவர் ஆகிவிட்டதை அறிந்தார். வேலையும் மருத்துவக் காப்பும் ஓய்வூதியமும் போயின. சிலர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வழங்கிய பெயர் 'அழிக்கப்பட்டோர்'. பின்னாளில் அரசே வெளியிட்ட கணக்கின்படி அவர்கள் 25,671 பேர்.

அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 1999-இலும் 2003-இலும் இது முறையன்று என்றது. 2004-இல் நடந்த வாக்கெடுப்பில், இவர்களின் நிலையைச் சீராக்கும் சட்டத்தை வாக்களித்தோருள் மிகப் பெரும்பாலோர் நிராகரித்தனர். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகள் கழிந்து 2022-இல் நாட்டின் தலைவர் போருட் பாகோர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

கலைஞர்களின் நாடு இந்த அநீதிக்கு மறுமொழியாக எழுந்தது என்று சொல்லிவிட்டால் பேச்சு அழகாயிருக்கும். அது மெய்யன்று. அழிப்பு ஓசையின்றி நிகழ்ந்தது. அதன் பரப்பு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின. ஒரே தலைநகரில், ஒரே ஆண்டில், இரண்டு பதிவேடுகள் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டன என்பதே உண்மை. ஒன்றில் யார் வேண்டுமாயினும் பெயர் எழுதிக்கொள்ளலாம். அதனால் ஒரு ரொட்டியும் கிடையாது. மற்றொன்றில் ரொட்டியும் மருந்தும் கூரையும் இருந்தன. அதிலிருந்துதான் பெயர்கள் நீக்கப்பட்டன.

விளையாட்டு நாட்டின் சுவடி மெய்யுலகைத் தொட்ட முதல் இடம் சரயேவோ. போஸ்னியாவின் அத்தலைநகர் முற்றுகையில் கிடந்து நைந்திருந்தது. 1995 நவம்பர் 20, 21 ஆகிய நாள்களில் லைபாக் குழுவினர் அங்குள்ள தேசிய நாடக அரங்கில் இசை நிகழ்த்தினர். இரண்டாம் நாளில்தான் டேட்டனில் அமைதி உடன்பாடு எட்டப்பட்டது. அந்நிகழ்வின்போது அங்குள்ளோர்க்குக் கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவற்றைக் காட்டி எல்லை கடந்தவர்கள் உண்டு என்பது அதன்பின் வழங்கும் செவிவழிச் செய்தி. கலைஞர்கள் இக்கதையைப் பெருமையோடு சொல்லி வந்தனர். பெருமைக்குரியதே. ஆனால் அந்தப் பெருமையே அடுத்த நிகழ்வுக்கு வித்தாயிற்று.

2000-களின் நடுப்பகுதியில் நைஜீரியாவிலிருந்து விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. முதலில் சில, பின்னர்க் கட்டுக்கட்டாக. விண்ணப்பித்தவர்களுள் பெரும்பாலோர் கலை ஆர்வலர் அல்லர். அது ஐரோப்பாவில் உள்ள ஒரு நாடு என்றும், அதன் குடியுரிமை கிடைத்தால் அங்குச் சென்று உழைத்துப் பிழைக்கலாம் என்றும் நம்பியவர்கள். ஸ்லோவேனிய அரசுக்கும் இதனால் தலைவலி உண்டாயிற்று. இச்சுவடி பயண ஆவணம் அன்று, இதைக் கொண்டு எல்லை கடக்க இயலாது என்று கலைஞர்கள் எச்சரிக்கை வெளியிட்டனர். விண்ணப்பங்கள் உடனே நின்றுவிடவில்லை. இர்வின் குழுவினர் லண்டனில் வாழ்ந்த நைஜீரியக் கடவுச்சீட்டாளர் சிலரை நேரிற் கண்டு உரையாடினர். 2010-இல் லாகோசுக்கே சென்றனர். அந்நாட்டிற்குப் போய் வந்த நண்பர்களைத் தமக்குத் தெரியும், அஃது அழகிய நாடு என்று அவர்களிடமே ஒருவர் சொன்னாராம்.

இந்த இடத்தில் இலக்கியம் பயில்வோர் சற்று நிற்க வேண்டும். இவ்விண்ணப்பதாரர்களை ஏமாளிகள் என்று கூறிய திறனாய்வாளர்கள் உண்டு. உருவகத்தை உருவகமாக அறியத் தெரியாதவர்கள் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஒரு தாள் அரசின் தாள் என்று எதனால் அறியப்படுகிறது? படிவம், நிழற்படம், கட்டணம், முத்திரை, வரிசை எண் ஆகியவற்றால். இவை அனைத்தும் அந்தச் சுவடியில் இருந்தன. நைஜீரிய விண்ணப்பதாரர் அப்பனுவலை அதன் இலக்கணப்படியே படித்தார். உலகில் எந்த ஊர்க் கடவுச்சீட்டும் எல்லையில் நிற்கும் காவலர் நம்புவதால் மட்டுமே வழிவிடுகிறது; இதையும் நம்பமாட்டாரா என்று அவர் எண்ணியதில் தருக்கப் பிழை ஒன்றுமில்லை.

பிழை வேறிடத்தில் உள்ளது. எவரும் வரலாம் என்னும் விதியை எழுதியவர்கள், வருவோர் அனைவரிடமும் ஏற்கனவே ஒரு கடவுச்சீட்டு இருக்கும் என்று தம்மை அறியாமலே கருதிக்கொண்டனர். பெர்லினிலிருந்து விண்ணப்பித்தவர் கையில் எல்லாக் கதவையும் திறக்கும் ஒரு சுவடி முன்னரே இருந்தது. இரண்டாவதை அவர் கவிதையாகப் படிக்க முடிந்தது. எந்தக் கதவையும் திறவாத சுவடியை வைத்திருப்பவர்க்கு இரண்டாவது கவிதையாக இருக்க இயலாது. விதி ஒன்றே, அதைப் படிக்கும் பசி வேறு. எவரையும் விலக்காத விதியும் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடும். கட்டணமும் பெற்றுக்கொண்டு!

கலைஞர்கள் தம் எச்சரிக்கை அறிவிப்போடு நின்றிருப்பின் இவ்வுரை அவர்களைக் கடிந்து முடிந்திருக்கும். அவர்கள் நேரில் சென்று விண்ணப்பித்தவர்களின் முகத்தைப் பார்த்தனர் என்பது பெரிது. 2010 அக்டோபரில் பெர்லினில் அந்நாட்டுக் குடிமக்களின் முதல் மாநாடு கூடியது. படைத்தவர்களின் கையிலிருந்து நாடு குடிமக்களின் கைக்கு மாறவேண்டும் என்பது அங்கு எழுந்த பேச்சு. எழுதியவரை விட்டுப் பிரிந்த கவிதையைப் போல, பதிவேடும் அதைத் தொடங்கியவரை விட்டுப் பிரிகிறது. அதில் பெயர் எழுதியவர்கள் பின்னர் வந்து தம் பங்கைக் கேட்பார்கள். கேட்கக் கூடாதென்று எந்த அரசமைப்பிலும் எழுதவில்லை.

2017-ஆம் ஆண்டு வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைக் கண்காட்சிக் காலத்தில் இந்நாடு தனக்கென ஓர் அரங்கம் அமைத்தது. அதில் ஒரு கடவுச்சீட்டு அலுவலகம் இருந்தது. அலுவலராக அமர்த்தப்பட்டவர்கள், போரினாலும் வறுமையினாலும் தத்தம் நாட்டை விட்டு இத்தாலியில் தஞ்சம் கோரி வந்தவர்கள். கண்காட்சி காணப் பல நாடுகளிலிருந்து வானூர்தியேறி வந்திருந்தோர், தம் பையில் மெய்யான கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, மேசைக்கு இப்புறம் நின்றனர். அப்புறம் அமர்ந்திருந்தவர் பெயரைக் கேட்டார், படிவத்தைச் சரிபார்த்தார், நிலமில்லாத நாட்டின் சுவடியை எடுத்து நீட்டினார். குடியுரிமை வழங்கும் இருக்கையில் அன்று அமர்ந்திருந்தவர், தமக்கு ஒரு நாடு எப்போது கிடைக்கும் என்று வேறோர் அலுவலகத்தின் கடிதத்திற்காகக் காத்திருந்தவர்.